பவர் கொடுத்தவர் சொத்தைக் கொடுத்தவர் ஆகமாட்டார்

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஒரு வாக்கியம் தீர்ப்புப் போலவே புழங்குகிறது: "பவர் எழுதிக் குடுத்தாச்சுல்லா, இனி என்ன செய்ய?" வளைகுடாவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்தவர் லீவில் ஊருக்கு வருகிறார். வீட்டுக்குப் பின்னாலிருந்த விளை வேறொருவர் பேரில் இருக்கிறது. விற்ற பணம் எங்கே என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. அப்போது சமாதானம் பேச வந்த மாமா இதைச் சொல்வார். பத்திர எழுத்தர் சொல்வார். வாங்கியவர் இதையே கொஞ்சம் அழுத்திச் சொல்வார். நாலு நாள் கழித்து, பறிகொடுத்தவரே தன் மனைவியிடம் இதைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

நான் இந்தக் கருத்தை முழுவதுமாக மறுக்கிறேன். இது சட்டமே இல்லை. சட்டத்தின் பேரில் ஊரில் உலவும் ஒரு பயம். அந்தப் பயத்தால் லாபம் அடைகிறவர்கள் அதை வளர்க்கிறார்கள். நஷ்டப்படுகிறவர்கள் அதை நம்புகிறார்கள். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இதை நம்புவதுதான் எனக்கு ஆறவில்லை. ஒருவர் போட்ட கையெழுத்து மற்றவர்களை எந்த அளவுக்குக் கட்டும் என்ற கேள்விக்காக இந்த மண் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டு வாசல் ஏறியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுவோம். அவர்கள் சொல்வது இதுதான்: பவர் ஏஜென்டின் கையெழுத்து உரிமையாளரின் கையெழுத்தேதான். பத்திரத்திலேயே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். அது சப் ரிஜிஸ்தர் ஆபீசில் பதிவாகியும் இருக்கிறது. நம்பக்கூடாதவனை நம்பியது அவர் குற்றம். அதற்கான நஷ்டத்தைப் பணம் கொடுத்து வாங்கியவன் தலையில் கட்டினால் ஊரில் எவனும் பவரை நம்பி ஒரு சென்ட் நிலம்கூட வாங்கமாட்டான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பவர் பத்திரத்தைக் கையில் எடுத்து வாசித்தால் அந்த நியாயம் நிற்பதில்லை.

இங்கே எழுதப்படும் பொது அதிகாரப் பத்திரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. சொத்தைப் பராமரிக்க, வரி கட்ட, குத்தகைக்கு விட, வழக்கு நடத்த, வக்கீல் வைக்க, விற்க, ஈடு வைக்க என்று வரிசையாகப் போகும். கடைசிப் பத்தியில், ஏஜென்ட் செய்யும் சகல காரியங்களையும் நானே நேரில் நின்று செய்ததாகப் பாவித்துச் சம்மதித்துக் கட்டுப்படுகிறேன் என்ற வரி வரும். ஊர்ப் பேச்சு முழுவதும் அந்தக் கடைசி வரியில்தான் தொங்குகிறது. "எல்லாத்துக்கும் கட்டுப்படுகேன்னு எழுதியிருக்கு பாரும்" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.

அந்த வரிக்கு அவ்வளவு வலு கிடையாது. கனடாவிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில், பிரையன்ட் பாவிஸ் கம்பெனி வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் 1893இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஏஜென்ட் செய்த காரியத்துக்கான அதிகாரம் அந்தப் பத்திரத்தின் நாலு மூலைக்குள் வெளிப்படையாக இருக்க வேண்டும், அல்லது அங்கே எழுதியிருப்பதிலிருந்து தவிர்க்க முடியாதபடி பிறக்க வேண்டும். பொதுவான சொற்கள் குறிப்பான அதிகாரங்களுக்குத் துணை நிற்குமே தவிரப் புதிய அதிகாரத்தைத் தராது. அதற்கும் முன்னால், 1884இல், கல்கத்தாவிலிருந்து போன ஜன்மஜய் குண்டு வழக்கில், விற்க அதிகாரம் பெற்றவருக்கு அடகு வைத்துக் கடன் வாங்கும் அதிகாரம் இல்லை என்று அதே மன்றம் சொன்னது. விற்பது அடகு வைப்பதைவிடப் பெரிய காரியம், பெரியதற்குள் சின்னது அடங்கும் என்றுதான் நம் ஊர்க் கணக்கு போகும். சட்டம் அப்படிக் கணக்குப் போடவில்லை. கொடுத்தது எதுவோ அதுதான் கொடுத்தது.

இங்கிலாந்தில் நடந்த ரெக்கிட் வழக்கு இன்னும் தெளிவானது. சர் ஹரால்ட் ரெக்கிட் தன் வக்கீலான டெரிங்டன் பிரபுவுக்குப் பவர் கொடுத்திருந்தார். தன் பேங்கு கணக்கில் தடையில்லாமல் செக் எழுதலாம் என்று தனியாக ஒரு கடிதமும் கொடுத்திருந்தார். டெரிங்டன் தனக்காக வாங்கிய காருக்கு ரெக்கிட்டின் கணக்கிலிருந்து செக் கொடுத்தார். செக்கில் ரெக்கிட்டின் பெயரும், அவருடைய அட்டர்னி என்ற முறையில் டெரிங்டனின் கையெழுத்தும் இருந்தன. கார் விற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். 1920களின் இறுதியில் பிரபுக்கள் சபை அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. உரிமையாளரின் பணம் ஏஜென்டின் சொந்தக் கடனுக்குப் போகிறது என்பது செக்கைப் பார்த்தாலே தெரியும். "தடையில்லாமல்" என்று எழுதியிருந்தாலும் அது உரிமையாளரின் காரியத்துக்காகக் கொடுத்த அதிகாரம்தான். நம் ஊரில் அண்ணன் தன் பைனான்ஸ் கடனுக்குத் தம்பியின் வயலை எழுதிக் கொடுக்கும்போது நடப்பதும் இதேதான். கடன் யாருடையது என்று வாங்குகிறவருக்கும் தெரியும்.

வெளிநாட்டுத் தீர்ப்பு எதற்கு, நம் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாம் அத்தியாயம், 182 முதல் 238 வரையுள்ள பிரிவுகள், முழுக்க இதைப் பற்றியதுதான். ஏஜென்ட் தன் அதிகாரத்துக்குள் செய்தது உரிமையாளரைக் கட்டும் என்கிறது 226ஆம் பிரிவு. ஊர் இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. அடுத்த இரண்டு பிரிவுகளையும் வாசிக்க வேண்டாமா? அதிகாரத்தை மீறிய பகுதியைத் தனியே பிரிக்க முடிந்தால், உள்ளே அடங்கியது மட்டும் கட்டும். பிரிக்க முடியாவிட்டால் முழுக் காரியத்தையுமே உரிமையாளர் ஏற்காமல் விடலாம். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. 500 செம்மறி வாங்கச் சொல்லி ஒருவரை அனுப்புகிறார்கள். அவர் 500 செம்மறியையும் 200 குட்டியையும் சேர்த்து 6,000 ரூபாய்க்கு ஒரே விலையாக வாங்கிவிடுகிறார். அனுப்பியவர் மொத்தத்தையும் வேண்டாம் என்று சொல்லலாம்.

215ஆம் பிரிவின் உதாரணம் குமரி மாவட்டத்துக்காகவே எழுதியது போல் இருக்கும். எஸ்டேட்டை விற்கச் சொல்லி ஏஜென்டிடம் கொடுக்கிறார்கள். அவர் இன்னொருவர் பேரில் தனக்கே அதை வாங்கிக்கொள்கிறார். முக்கிய விஷயத்தை அவர் மறைத்தார் என்றோ, அந்த விற்பனை தனக்கு நஷ்டம் என்றோ காட்டினால் உரிமையாளர் விற்பனையை மறுக்கலாம். இங்கே பவர் வாங்கியவர் தன் மனைவி பேருக்கோ மச்சினன் பேருக்கோ கிரயம் செய்து, அங்கிருந்து மூன்றாம் ஆளுக்கு மாற்றுவது எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அந்த வீடுகளிலும் இதே பல்லவிதான்: எழுதிக் குடுத்தாச்சுல்லா.

நம் காலத்துத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றும் உண்டு. சர்ச் ஆஃப் கிறைஸ்ட் அறக்கட்டளைக்கும் பொன்னியம்மன் கல்வி அறக்கட்டளைக்கும் இடையே சென்னையில் தொடங்கிய வழக்கில், பவர் ஏஜென்ட் போட்ட விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டிச் சொத்தைக் கேட்டார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் பவர் பத்திரத்தைக் கறாராகத்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கு மனுவையே நிராகரித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் வந்த சூரஜ் லாம்ப் தீர்ப்பு இன்னும் பெரியது. பவர் என்பது ஏஜென்சி உறவை உண்டாக்கும் பத்திரம், அதனால் உரிமை கைமாறாது, ரத்து செய்ய முடியாத பவர் என்றாலும் மாறாது என்று அதில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்குப் பிறகும் "பவர்ல வாங்கினேன்" என்று நிலத்தைச் சொந்தம் கொண்டாடுகிறவர்களை நான் பார்க்கிறேன். பவரில் யாரும் எதையும் வாங்க முடியாது.

"பதிவாயிருக்கே" என்பார்கள். பதிவு என்றால் என்ன? வந்திருப்பவர் யார், ஏஜென்டாக ஆஜராக அவருக்குத் தகுதி உண்டா என்று சப் ரிஜிஸ்தர் பார்க்க வேண்டும். கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று டாக்டர் சான்றும் கேட்கிறார்கள், நல்ல ஏற்பாடு. விற்பனை உரிமையாளரின் நன்மைக்கா, பணம் அவர் கைக்குப் போனதா என்பதெல்லாம் அந்த மேஜைக்கு வராது. உரிமை மூலத்தை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை ஆகாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கோபி வழக்கில் தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(1)ஐச் செல்லாதென்று அறிவித்தபோது மறுபடியும் தெளிவாயிற்று. அப்படியிருக்க, அங்கே குத்திய முத்திரை ஏஜென்டின் நேர்மைக்குச் சாட்சி ஆவது எப்படி? அரசாங்கமும் இந்தக் குழப்பத்துக்குத் துணை போகிறது என்றே சொல்வேன். குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்குச் சொத்தை விற்கும் பவர் கொடுத்தால் 10,000 ரூபாயாக இருந்த பதிவுக் கட்டணத்தை 2023 ஜூலையில் சந்தை மதிப்பில் 1 சதவீதமாக மாற்றினார்கள். மோசடியைத் தடுக்க அது உதவலாம். ஆனால் சொத்தின் மதிப்பை வைத்துப் பவருக்குக் கட்டணம் வாங்கினால், பவரே பாதி விற்பனை என்றுதான் மக்கள் நினைப்பார்கள்.

வாங்குகிறவரின் பாடு என்ன என்ற கேள்வி உண்மையானது. சட்டம் அவரைக் கைவிடவில்லை. உரிமையாளர் தன் சொல்லாலோ நடத்தையாலோ, ஏஜென்டுக்கு அதிகாரம் இருப்பதாக மூன்றாம் மனிதரை நம்பவைத்தால், 237ஆம் பிரிவுப்படி அவர் கட்டுப்பட்டவர்தான். இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று ஏஜென்டிடம் ரகசியமாகச் சொல்லிவைத்து, அது தெரியாமல் வாங்கியவரிடம் பிறகு சண்டைக்குப் போக முடியாது. பவரை ரத்து செய்தாலும் மூன்றாம் மனிதருக்கு அது தெரியவரும் வரை அவரைப் பொறுத்தவரை ரத்து இல்லை என்கிறது 208ஆம் பிரிவு. இவை நியாயமான விதிகள். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் 237ஐ நிதானமாக வாசிக்க வேண்டும். நம்பவைத்தது உரிமையாளரின் சொல்லாக, உரிமையாளரின் நடத்தையாக இருக்க வேண்டும். "எனக்கு எல்லா அதிகாரமும் உண்டு அண்ணாச்சி, நீங்க பேசாம கையெழுத்துப் போடுங்க" என்று ஏஜென்ட் சொன்னது ஒருநாளும் அவருக்கே அதிகாரம் ஆகாது. தன் அதிகாரத்தைத் தானே பெருக்கிக்கொள்ள எந்த ஏஜென்டாலும் முடியாது.

பவர் பத்திரமோ ரகசியமானதில்லை. பதிவானால் நகல் எடுத்து வாசிக்கலாம். லட்சக்கணக்கில் பணம் போடுகிறவர் ஏழெட்டுப் பக்கம் வாசிக்கக்கூடாதா? உரிமையாளர் தோஹாவில் இருக்கிறார் என்றால் வாட்ஸாப்பில் கூப்பிட்டு, "உங்க விளையை இன்ன விலைக்கு வாங்குகேன், பணத்தை எந்தக் கணக்குல போடணும்?" என்று ஒரு வார்த்தை கேட்க எத்தனை நிமிஷம் ஆகும்? கேட்காததற்குக் காரணம் பல சமயம் தெரிந்ததுதான். கேட்டால் அந்த விலைக்குக் கிடைக்காது. கண்ணை வேண்டுமென்றே மூடிக்கொண்டவருக்கு நல்லெண்ணத்தில் வாங்கியவர் என்ற பட்டத்தை ஊர் ஏன் கொடுக்க வேண்டும்?

இனி நாஞ்சில் நாட்டுக் கதை. சொத்து தாய்வழியில் இறங்கும் மருமக்கள்வழிக் குடும்பங்களில் தறவாட்டுச் சொத்து, அதாவது கூட்டுக் குடும்பச் சொத்து, எல்லோருக்கும் பொது. நிர்வாகம் மூத்த ஆணான காரணவர் கையில். காரணவரை ஒப்பந்தச் சட்டத்து ஏஜென்ட் என்று சொல்ல முடியாது. அவரை யாரும் நியமிக்கவில்லை. பிறப்பு கொடுத்த பதவி அது. ஆனாலும் சிக்கல் அதேதான். அவர் வாங்கிய கடனுக்கு மற்றவர்களின் சோறு பொறுப்பாகுமா? அவர் ஒற்றி வைத்த வயல் எல்லோரும் ஒற்றி வைத்ததா? குடும்பத்தின் இளைய உறுப்பினர்களான அனந்திரவர்கள் இதைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். தறவாட்டின் தேவைக்கு வாங்கிய கடனானால் தறவாட்டைக் கட்டும், காரணவரின் சொந்தச் செலவுக்கானது கட்டாது என்பது நீதிமன்றங்களில் நிலைபெற்றது. தேவை இருந்தது என்று காட்டும் பாரம் கடன் கொடுத்தவன் மேல் விழுந்தது. சொத்தைச் சீரழித்த காரணவரைப் பதவியிலிருந்து இறக்கவும் வழக்குப் போட முடிந்தது.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது இந்த வழக்குகள் நடந்த காலத்தில்தான். மகனுக்கா மருமகனுக்கா என்ற சண்டையாகவே அதை வாசிக்கவும் பாடம் சொல்லவும் பழகியிருக்கிறோம். எனக்கு அது கையெழுத்தைப் பற்றிய நூலாகவும் படுகிறது. ஒருவர் கையில் நிர்வாகம், கேட்க ஆளில்லை, கணக்கு இல்லை, வழக்கும் கடனும் வீட்டைத் தின்கின்றன. அந்த வீட்டு மனைவியின் வாயிலிருந்து அது வருவதற்கும் காரணம் உண்டு. கையெழுத்துப் போடும் உரிமை இல்லாமல் அதன் விளைவை மட்டும் சுமந்தவள் அவள்தான். 1926இல், கொல்லம் 1101ஆம் ஆண்டின் ஆறாம் சட்டமாக, திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் ரெகுலேஷன் வந்தது. தறவாட்டைப் பாகம் வைக்க வழி பிறந்தது. அதை வாங்கித் தந்தவர்கள் "காரணவர் எழுதிட்டாருல்லா, இனி என்ன செய்ய?" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்று நமக்கென்று பிரித்து எழுத ஒரு கோட்டை விதைப்பாடுகூட மிஞ்சியிருக்காது.

காரணவர் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் பல வீடுகளில் மூத்த அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், பவர் பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். "அண்ணன் பேசி முடிச்சிட்டான், நீ ஒப்புப் போடு" என்று தங்கையிடம் சொல்வது இன்றும் நடக்கிறது. நாலு பேருக்குப் பொதுவான சொத்தில் ஒருவர் கையெழுத்து அவர் பங்கை மட்டும்தான் கட்டும். கூட்டு உரிமையாளர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் மற்றவருக்கு ஏஜென்ட் ஆகிவிடுவதில்லை. மைனி இதைக் கேட்டால் குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்று பேர். பிரித்தது யார்?

"ரத்து செய்யவே முடியாத பவர்" என்று எழுதி வாங்கும் பழக்கத்தையும் சொல்லவேண்டும். அந்தச் சொல்லை எழுதிவிட்டதால் அது ரத்தாகாததாக மாறிவிடாது. 202ஆம் பிரிவுப்படி அந்தச் சொத்தில் ஏஜென்டுக்கே உண்மையான ஓர் உரிமை இருக்க வேண்டும். நிலத்தை விற்று உனக்கு நான் தரவேண்டிய கடனை எடுத்துக்கொள் என்று கொடுத்த அதிகாரம் போல. கமிஷன் கிடைக்கும் என்ற ஆசை அப்படிப்பட்ட உரிமை ஆகாது. சும்மா நம்பிக்கையில் கொடுத்த பவரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்ததை ஏஜென்டுக்கு எழுத்தில் தெரிவித்து, ரத்துப் பத்திரத்தைப் பதிந்து, வாங்கக்கூடியவர்களுக்கும் தெரியும்படி செய்ய வேண்டும். துபாயிலிருந்தாலும் செய்யலாம். தூதரகத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த பவருக்கு அங்கேயே ரத்தும் எழுதி அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும்.

நம்பினவன் அனுபவிக்கட்டும் என்பது இந்த வாதத்தில் எனக்கு அதிகம் கசக்கும் பகுதி. லீவு கிடைக்காத கொத்தனார், கப்பலில் வேலை பார்ப்பவர், கால் முட்டி தேய்ந்து சப் ரிஜிஸ்தர் ஆபீஸ் மாடிப்படி ஏற முடியாத அம்மா, இவர்கள் இன்னொருவரை நம்பாமல் எப்படி வாழ முடியும்? நம்புவதைக் குற்றமாக்கிவிட்டு, நம்பிக்கையைத் தின்றவனைச் சாமர்த்தியக்காரன் என்று பாராட்டும் ஊர் வழக்கத்துக்குச் சட்டம் துணை நிற்கவில்லை. 211ஆம் பிரிவு உரிமையாளர் சொன்னபடி நடக்கச் சொல்கிறது. 213 கேட்டால் கணக்குக் காட்டச் சொல்கிறது. 216, ஏஜென்ட் உரிமையாளருக்குத் தெரியாமல் தனக்கென்று வியாபாரம் பண்ணிச் சம்பாதித்தால் அந்த லாபத்தையும் கேட்டு வாங்கலாம் என்கிறது.

எனவே பவர் கொடுத்துவிட்டு வெளியூரில் இருப்பவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் நான் கேட்பது இதுதான். கணக்கை இப்போதே எழுத்தில் கேளுங்கள். கணக்குக் கேட்டு ஏஜென்ட் மேல் போடும் வழக்குக்கு 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தரும் காலம் மூன்று வருஷம். கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து, கேட்காமலே இருந்தால் ஏஜென்சி முடிந்த நாளிலிருந்து அது ஓடும். கிரயப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரவும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அதே மூன்று வருஷம்தான். "அடுத்த லீவுக்கு வரும்போ பேசி முடிப்போம், இப்போ கேஸு வழக்குன்னு போகாதே" என்று சொந்தக்காரர்கள் சொல்வது அந்த மூன்று வருஷத்துக்குள்தான். இரண்டு லீவு அப்படிப் போனால் காலம் போய்விடும்.